மொட்டைமாடி வானிலை நிலையம்: சில்லு சொல்வது உண்மை, கூடு சொல்வதுதான் பொய்

சித்திரை வெயிலில் பகல் ஒரு மணிக்கு வீட்டு வானிலை நிலையம் 46 டிகிரி காட்டும். அதே நேரம் விமான நிலையத்தில் 38. சென்சார் மட்டம் என்று முடிவுகட்டி இன்னொன்று வாங்கி மாட்டினால் அதுவும் 46 காட்டும். இரண்டு சில்லிலும் கோளாறு இல்லை. அந்த டப்பாவுக்குள் இருக்கும் காற்று உண்மையிலேயே 46 டிகிரிதான். வெளியே ஓடும் காற்று சென்சார்மேல் படவில்லை, அவ்வளவுதான்.

இந்தப் பதிவு வெப்பநிலை, ஈரப்பதம், அழுத்தம், மழை ஆகிய நான்கையும் அளக்கும் நிலையம் பற்றியது. காற்றுவேகத்தை வேண்டுமென்றே விட்டுவிட்டோம். நெருக்கமான தெருவில் மாடியில் வைத்த காற்றுமானி, ஊர்க் காற்றைவிடப் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் மறைவைத்தான் அதிகம் அளக்கும்.

சில்லை வாங்கும்போது

நிரல் ஓடும் சிறு கணினியான ஈஎஸ்பி32 போர்டு ஒன்று, வெப்பநிலை, ஈரப்பதம், அழுத்தம் மூன்றையும் அளக்கும் பிஎம்இ280 சென்சார் ஒன்று போதும். பிஎம்இ280 என்று விற்பதில் நிறைய பிஎம்பி280 கலந்து வரும். பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், ஆனால் பிஎம்பி-யில் ஈரப்பதம் கிடையாது. அதனால் சாலிடர் வைக்கும் முன்பே டெஸ்ட் கிளிப்பில் மாட்டி, சில்லு தன் வகை எண்ணை வைத்திருக்கும் அடையாளப் பதிவேட்டை நிரல் மூலம் படித்துப் பாருங்கள். ஹெக்ஸ் (பதினாறடிமான எண்) டி0 முகவரியில் ஹெக்ஸ் 60 வந்தால் பிஎம்இ, 58 வந்தால் பிஎம்பி. சென்சாரே கிடைக்கவில்லை என்று நிரல் சொன்னால் ஐ2சி (சென்சாரும் போர்டும் பேசிக்கொள்ளும் இணைப்பு) முகவரியை ஹெக்ஸ் 77-லிருந்து 76-க்கு மாற்றிப் பாருங்கள். பாதிப் பேருக்குச் சிக்கல் அதோடு தீர்ந்துவிடும். சில்லு 3.6 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. மின்னழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர் இல்லாத சென்சார் போர்டில் 5 வோல்ட் கொடுத்தால் போச்சு.

சென்சாரை ஓயாமல் ஓடவிட்டால் தன் சூட்டிலேயே கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். ஃபோர்ஸ்டு மோடில் வைத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுப்பி, ஒரே ஒரு அளவு எடுத்தால் போதும். ஈஎஸ்பி32 அதைவிடச் சூடாகும், அதனால் அதை, சென்சாருக்கு வெயில் மறைக்கும் கூட்டுக்குள் வைக்கவே கூடாது. தனி டப்பாவில் போட்டுக் கூட்டுக்குக் கீழே கட்டி, 40 செ.மீ. வயரில் சென்சாரை மேலே கொண்டுபோங்கள். வயரை மீட்டர் கணக்கில் நீட்டினால் ஐ2சி தடுமாறும்.

தட்டுக் கூடு

வானிலை நிலையங்களில் நான்கு காலில் நிற்கும் வெள்ளை மரப்பெட்டி, ஸ்டீவன்சன் பெட்டி. அதன் வேலையைப் பூந்தொட்டித் தட்டுகளை வைத்தே செய்துவிடலாம். 18 முதல் 20 செ.மீ. விட்டத்தில் எட்டு வெள்ளைத் தட்டுகள், 6 மி.மீ. திரெட் ராடு 30 செ.மீ. நீளத்தில் மூன்று, நட்டு, வாஷர், இடைவெளிக்கு அரை அங்குல சிபிவிசி குழாய்த் துண்டுகள். ராடும் நட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். கடலோர ஊர்களில் துத்தநாகப் பூச்சு சீக்கிரமே துருவாகி வெள்ளைத் தட்டில் காவி வழியும்.

தட்டின் விளிம்பு சாய்வாக இருக்க வேண்டும். செங்குத்து விளிம்பென்றால் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்து காற்றை அடைத்துவிடும். விளிம்பு உயரம் 25 மி.மீ. என்றால் குழாய்த் துண்டுகளை 18 மி.மீ. நீளத்தில் வெட்டுங்கள். மேல்தட்டின் விளிம்பு கீழ்த்தட்டின் மட்டத்தைத் தாண்டி 7 மி.மீ. இறங்கி நிற்கும். காற்று வளைந்து நுழையும், வெயில் நேராக நுழைய முடியாது. எல்லாத் தட்டுகளையும் ஒன்றாக அடுக்கிப் பிடித்து 120 டிகிரிக்கு ஒன்றாக மூன்று துளை போட்டால் ராடு கோணாது. மேலிருந்து இரண்டு தட்டு முழுசாக இருக்கட்டும். அடுத்த ஐந்தில் நடுவே 7 செ.மீ. வட்டம் வெட்டுங்கள். கடைசித் தட்டில் தண்ணீர் வடிய நான்கைந்து சிறு துளைகள் போதும். எல்லாத் தட்டும் குப்புறக் கவிழ்ந்தபடி வரும். சென்சார் நடு வட்டங்களின் நட்ட நடுவில், எந்தத் தட்டையும் தொடாமல் தொங்க வேண்டும்.

மாட்டும் முன் இரண்டு சோதனை. முதலாவது பல்புக்கு நேரே தட்டைப் பிடிப்பது. மலிவான வெள்ளை பிளாஸ்டிக் ஒளியை உள்ளே விடும், தட்டு விளக்குக் கூண்டுபோல ஒளிர்ந்தால் வெயிலும் அப்படியே இறங்கும். மேல் இரண்டு தட்டுக்கும் இடையே அலுமினியத் தாளை ஒட்டினால் சரியாகும். இரண்டாவது சோதனை இருட்டறையில். சென்சார் இருக்கும் இடத்தில் வெள்ளைக் காகிதச் சுருள் ஒன்றை நிறுத்தி, டார்ச்சை அடிவானத்திலிருந்து உச்சிவரை சுற்றிச் சுற்றி அடியுங்கள். காகிதத்தில் நேரடி ஒளிக்கீற்று விழுகிற கோணத்தில் சூரியனும் ஒருநாள் வந்து நிற்கும். துண்டுகளை 2 மி.மீ. குறைத்து மறுபடி மாட்டுங்கள்.

தட்டுகளுக்கு வெளிப்புற வெள்ளை எனாமல் ஒரு கோட் அடித்துவிடுங்கள். அடிக்காவிட்டால் ஓர் ஆண்டு வெயிலில் மஞ்சளாகி விளிம்பு பொடியும்.

இவ்வளவும் செய்தாலும் காற்றசையாத உச்சிவெயிலில் இந்தக் கூடு ஒன்றிரண்டு டிகிரி கூடத்தான் காட்டும். காற்றை நம்பி நிற்கும் எல்லாக் கூடுகளுக்கும் இதே கதிதான். அது பொறுக்கவில்லையென்றால் கணினியின் 8 செ.மீ. விசிறி ஒன்றைச் சேருங்கள். விசிறி சென்சாருக்கு மேலே இருந்து கீழ்க்காற்றை உறிஞ்ச வேண்டும். கீழே வைத்து ஊதவிட்டால் மோட்டார் சூடு முழுவதும் சென்சார்மேல் போகும்.

எங்கே நிறுத்துவது

முறைப்படி வெப்பமானி புல்தரைக்கு மேல் 1.25 முதல் 2 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். தோட்டம் இருந்தால் மாடியை மறந்துவிடுங்கள். மாடிதான் கதி என்றால் தளத்திலிருந்து 2 மீட்டர், கைப்பிடிச் சுவரைத் தாண்டிய உயரம், ஏசி வெளியலகிலிருந்து முடிந்தவரை தொலைவு. கான்கிரீட் தளம் பகலில் குடித்த வெயிலை இரவு முழுக்கக் கக்கிக்கொண்டிருக்கும். பகல் எண்ணைச் சரிசெய்ய ஆயிரம் பாடுபடுகிறவர்கள் இந்த இரவுப் பிழையைக் கவனிப்பதேயில்லை. நீர்புகா டிஎஸ்18பி20 வெப்பநிலை சென்சார் இரண்டை 4.7 கிலோஓம் மின்தடையோடு கட்டி, ஒன்றைத் தளத்திலிருந்து ஓரடி உயரத்திலும் மற்றதை 2 மீட்டரிலும் தொங்கவிட்டு ஓரிரவு பதியுங்கள். இரவு ஒன்பது மணிக்கு இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உங்கள் மாடியின் குணத்தைச் சொல்லும். அவற்றில் ஒன்று திடீரென 85 காட்டினால் பயப்பட வேண்டாம். மின்சாரம் வந்ததும் அந்தச் சில்லு முதலில் வைத்துக்கொள்ளும் எண் அது. அளந்து முடிக்கும் முன் படித்துவிட்டீர்கள்.

உங்கள் எண்ணை அரசு நிலையத்தோடு ஒப்பிட உச்சிவெயில் உதவாது. சென்னையில் கோடையில் கடற்காற்று தாமதமாக நுழையும் நாளில் நுங்கம்பாக்கமும் மீனம்பாக்கமுமே ஒத்துப்போவதில்லை. அடைமழை பெய்யும் மூடிய நாளைத் தேர்ந்தெடுங்கள். வெயிலும் இல்லை, தளச் சூடும் இல்லை, ஊர் முழுக்க ஏறத்தாழ ஒரே காற்று. அன்றும் ஒரு டிகிரிக்கு மேல் விலகினால்தான் சென்சாரைச் சந்தேகப்பட வேண்டும்.

மழை: முதலில் கைமானி

தானியங்கி மானி எது வாங்கினாலும் பக்கத்தில் ஒரு கைமானி, அதாவது சேர்ந்த நீரை நாமே அளக்கும் மானி, நிற்கட்டும். தானியங்கி எப்போது பெய்தது என்று சொல்லும், எவ்வளவு பெய்தது என்று கைமானி சொல்லும்.

160 மி.மீ. பிவிசி குழாய் 45 செ.மீ. நீளம், அடிமூடி, உள்ளே ஒரு புனல், புனலுக்குக் கீழே 5 லிட்டர் கேன். குழாயின் 160 என்பது வெளிவிட்டம். மழையை வாங்குவது உள்விட்டம், அதை வெர்னியரில் நான்கு திசையில் அளந்து சராசரி எடுங்கள். 152 மி.மீ. வந்தால் பரப்பு 181.5 சதுர செ.மீ., அதாவது 1 மி.மீ. மழைக்கு 18.15 மி.லி. விட்டத்தை அளப்பதில் ஒரு மி.மீ. தவறினால் மழையில் 1.3 சதவீதம் தவறும். வாய் விளிம்பை வெளிப்பக்கமாகச் சரித்து அரத்தால் கூராக்குங்கள். தட்டையான விளிம்பில் விழுந்து தெறிக்கும் துளி உள்ளேயும் போகும், வெளியேயும் போகும்.

அளக்கும் குடுவை தேட வேண்டாம். சமையலறை டிஜிட்டல் தராசு போதும். கேனை வெறுமையாக எடைபோட்டு எழுதிவையுங்கள், மழைக்குப் பின் எடையிலிருந்து அதைக் கழித்து 18.15-ஆல் வகுங்கள். ஒரு கிராம் நுட்பமுள்ள தராசு 0.06 மி.மீ. மழையைப் பிரித்துக் காட்டும்.

5 லிட்டர் கேன் 275 மி.மீ. வரைதான். வடகிழக்குப் பருவமழைக்கு அது போதாத நாளும் வரும். 2015 டிசம்பர் 2 காலை முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., 2023 டிசம்பர் 18 காலை காயல்பட்டினத்தில் 95 செ.மீ. அந்த 95-ஐ இந்தக் குழாய் வாங்கியிருந்தால் 17 லிட்டருக்கு மேல். அதனால் கேன் நிரம்பி வழிவது குழாய்க்குள்ளேயே தங்கும்படி அடிமூடியைச் சால்வெண்ட் சிமெண்ட் போட்டு ஒழுகாமல் ஒட்டுங்கள். சிவப்பு எச்சரிக்கை நாட்களில் நடுவில் ஒருமுறை இறங்கிப்போய் எடைபோட்டுக் கொட்டிவிட்டு வருவதே புத்திசாலித்தனம்.

நாள் கணக்கு காலை 8:30 முதல் 8:30 வரை. படித்த தேதியில்தான் எழுத வேண்டும். தானியங்கி நிரல்கள் நள்ளிரவில் கூட்டுத்தொகையைச் சுழியமாக்கிவிடும். அதை வைத்துக்கொண்டு இந்திய வானிலை ஆய்வுத் துறையின் பட்டியலோடு ஒப்பிட்டால் ஒரு நாளும் பொருந்தாது. நிரலில் நாள் எல்லையை 8:30-க்கு நகர்த்துங்கள்.

மானியைச் சுவரோரம் வைக்காதீர்கள். பக்கத்தில் உள்ள தடை மானியின் வாயைவிட எவ்வளவு உயரமோ அதைப்போல் இரு மடங்கு தூரமாவது விலகி நிற்க வேண்டும். மாடியின் விளிம்பில் காற்று மேலெழும்பித் துளிகளை மானியைத் தாண்டி அடித்துக்கொண்டு போய்விடும். இடியோடு கூடிய மழையில் மாடி மானி குறைவாகக் காட்டப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

சாய்வாளி மானியும் டிரிப் செட்டும்

இரண்டு சிறு வாளிகள் சீசா பலகைபோல் ஆடும். ஒன்று நிரம்பியதும் சாய்ந்து கொட்டும், வாளியோடு ஆடும் காந்தம், காந்தம் அருகே வந்தால் மூடும் ரீட் சுவிட்சைக் கடக்கும், ஒரு துடிப்பு எண்ணப்படும். இணையத்தில் கிடைக்கும் சிறிய பிளாஸ்டிக் மானிகள் சிலவற்றில் ஒரு சாய்வு 0.2794 மி.மீ., அதாவது 0.011 அங்குலம். அந்த எண்ணை அப்படியே நம்பாமல் நீங்களே அளந்துவிடுங்கள்.

மருந்துக்கடையில் குளுக்கோஸ் ஏற்றும் டிரிப் செட் கிடைக்கும். 20 துளிக்கு ஒரு மி.லி. என்று உறையில் போட்டிருக்கும் வகையை வாங்குங்கள். மானியின் வாய்ப்பரப்பு 55 சதுர செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 275 மி.லி. தண்ணீரைத் தராசில் எடைபோட்டுப் பாட்டிலில் ஊற்றி, நிமிடத்துக்கு 46 துளி விழும்படி உருளையைத் திருகிவையுங்கள். இரண்டு மணி நேரத்தில் தீரும், மணிக்கு 25 மி.மீ. மழைக்குச் சமம். மொத்தம் 50 மி.மீ. 179 சாய்வு வர வேண்டும். 170 வந்தால் உங்கள் மானியின் உண்மையான எண் 0.294. நிரலில் அதைப் போடுங்கள். வாளிக்குக் கீழே உள்ள திருகை முடுக்கியும் சரிசெய்யலாம்தான், ஆனால் இரண்டு பக்கத்தையும் சமமாக்குவதற்குள் பொழுது போய்விடும். நிரலில் ஓர் எண்ணை மாற்றுவது எளிது.

அடுத்த முறை உருளையை நன்றாகத் திறந்துவிட்டு, அரைமணி நேரத்தில் அதே 275 மி.லி.யை இறக்குங்கள். சாய்வுகள் குறையும். வாளி சாய்ந்துகொண்டிருக்கும் அந்த ஒரு கணத்தில் விழும் தண்ணீர் ஏற்கனவே நிரம்பிய வாளியிலேயே போய்ச் சேர்ந்து, கணக்கில் வராமல் கொட்டப்படுகிறது. மழை வலுக்க வலுக்க இந்த இழப்பு கூடும். கனமழை நாட்களில் கைமானியின் மொத்தத்தை உண்மையாக எடுத்துக்கொண்டு, தானியங்கியின் நேரவாரி எண்களை அந்த விகிதத்தில் பெருக்கிக்கொள்ளலாம்.

வெயிலடிக்கும் மதியத்தில் 0.6 மி.மீ. மழை பதிவாகும் பேய்க்கணக்கு எல்லாருக்கும் வரும். கம்பம் காற்றில் ஆடி வாளி தட்டியிருக்கும், அல்லது ரீட் சுவிட்ச் ஒரு சாய்வுக்கு மூன்றுமுறை துள்ளியிருக்கும். மானிக்குத் தனிக் கம்பம் வைப்பது முதல் மருந்து. சுவிட்சுக்கு 10 கிலோஓம் மின்தடையும் 100 நானோஃபாரட் கெபாசிட்டரும் இணைத்து, ஒரு துடிப்புக்குப் பின் 200 மில்லிநொடி காதை மூடிக்கொள்ளும்படி நிரல் எழுதுவது இரண்டாவது. நொடிக்கு ஒரு சாய்வு என்றாலே மணிக்கு 1000 மி.மீ. வேகம். அதைவிட வேகமாக வருவது எதுவும் மழை இல்லை. மார்கழிப் பனியில் விடியற்காலை ஒரு சாய்வு வந்தால் மட்டும் அதைக் கணக்கிலிருந்து அடிக்காதீர்கள், அது உண்மையாகவே இறங்கிய நீர்.

அழுத்தம்

நால்வரில் பிழை குறைந்தவர் இவர்தான். கூடு தேவையில்லை, வீட்டுக்குள் மேசையிலேயே வைக்கலாம். முதல் இரண்டு நாள் வரைபடத்தில் ஒரு மூச்சு தெரிகிறதா என்று பாருங்கள். காலை பத்து மணியளவில் ஏறி, மாலை நான்குக்கு இறங்கி, இரவு பத்துக்கு மறுபடி ஏறி, விடியற்காலை நான்குக்கு மறுபடி இறங்கும். வெயிலால் மொத்த வளிமண்டலமும் எழுப்பும் அலை இது. வெப்பமண்டலத்தில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நடுவே இரண்டு மூன்று ஹெக்டோபாஸ்கல் இருக்கும். இந்த இரட்டை அலை தெரியாவிட்டால் சென்சாரோ நிரலின் வடிகட்டியோ கோளாறு. மாலை மூன்று மணிக்கு அழுத்தம் குறைவதைப் பார்த்துப் புயல் வருகிறது என்று வாட்ஸ்ஆப்பில் போடுவதற்கு முன், நேற்று மாலை மூன்று மணி எண்ணைப் பாருங்கள்.

கடல்மட்ட அழுத்தமாக மாற்ற உயரம் வேண்டும், சிக்கல் அங்கேதான். நம் வெக்கையான காற்றில் தரையருகே 8.8 மீட்டருக்கு ஒரு ஹெக்டோபாஸ்கல். கைப்பேசியின் ஜிபிஎஸ் தரும் கச்சா உயரம் கடல்மட்டத்திலிருந்து அளந்தது இல்லை, ஒரு கணித நீள்கோளத்திலிருந்து அளந்தது. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் உண்மையான கடல்மட்டம் அந்தக் கோளத்தைவிட 106 மீட்டர்வரை தாழ்ந்து கிடக்கிறது. தமிழக, ஈழக் கரைகளும் அந்தப் பள்ளத்தின் சரிவில்தான் இருக்கின்றன. சென்னையில் சில செயலிகள் உயரத்தை மைனஸ் 80 என்று காட்டுவது இதனால்தான். அதை அப்படியே நிரலில் போட்டால் அழுத்தம் பத்து ஹெக்டோபாஸ்கல் குறைந்து, நல்ல வெயில் நாளிலும் வீட்டுக்குமேல் காற்றழுத்தத் தாழ்வு நிலைகொண்டிருக்கும்.

நம்பகமான உயரம் ரயில் நிலையப் பெயர்ப்பலகையில் எழுதியிருக்கிறது. மஞ்சள் பலகையின் அடியில் கடல்மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் என்று போட்டிருக்கும். சென்சாரை பவர் பேங்கில் மாட்டி அங்கே ஓர் அளவு, வீட்டு மாடியில் ஓர் அளவு, திரும்ப நிலையத்தில் ஓர் அளவு. மூன்றையும் ஒரு மணி நேரத்துக்குள் முடியுங்கள். நிலையத்தின் இரண்டு அளவுகளின் சராசரியிலிருந்து வீட்டு எண்ணைக் கழித்து 8.8-ஆல் பெருக்கினால் வீடு நிலையத்தைவிட எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று தெரியும், அதைப் பலகை எண்ணோடு கூட்டுங்கள். பிஎம்இ280-ன் தனி அளவில் 1 ஹெக்டோபாஸ்கல் பிழை இருக்கலாம், வித்தியாசங்களில் 0.12-தான். அதாவது ஒரு மீட்டர் நுட்பம்.

உயரம் கிடைத்ததும் பக்கத்து விமான நிலையம் அரைமணிக்கொருமுறை வெளியிடும் அழுத்தத்தோடு ஒப்பிட்டு நிலையான பிழையைக் கழியுங்கள். சென்னை, தூத்துக்குடியில் நேரடியாகவே செய்யலாம். கோவைபோல 400 மீட்டர் உயர ஊரில் கவனம் தேவை. விமானிகளுக்கான கணக்கு கடல்மட்டத்தில் 15 டிகிரி என்ற கற்பனைக் காற்றை வைத்துப் போடப்படுகிறது. உண்மையான 27 டிகிரியை வைத்துப் போட்டால் அங்கே இரண்டு ஹெக்டோபாஸ்கல் வித்தியாசம் வரும்.

இதே பெயர்ப்பலகை வித்தையை நீலகிரி மலை ரயிலில் செய்து பார்ப்பது ஒரு நாள் பாடம். மேட்டுப்பாளையம் 330 மீட்டரை ஒட்டி, உதகை 2200-ஐ ஒட்டி. அழுத்தம் 970-களில் தொடங்கி 780-ஐ நெருங்கும். வளிமண்டலத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு காலுக்குக் கீழே போய்விட்டது என்று பொருள். வெப்பநிலைக்கு ரயில் பெட்டிச் சூட்டை நம்பாமல் ஒவ்வொரு நிலையத்திலும் இறங்கி நிழலில் அளக்க வேண்டும். அடிவளிமண்டலத்தின் சராசரிக் கணக்கு, கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி. அதன்படி 12 டிகிரி குறைய வேண்டும். வெயிலில் காய்ந்த சரிவில் குறைவு 9.8-ஐ நோக்கிப் போகும், மேகத்துக்குள் நுழைந்ததும் நீராவி குளிர்ந்து சூட்டை விடுவதால் சரிவு தளரும். விடியற்காலையில் பள்ளத்தாக்கில் குளிர் தேங்கிக் கிடந்தால் முதல் சில நூறு மீட்டரில் வெப்பம் ஏறவும் கூடும்.

ஈரப்பதம்: உப்பு பாட்டில்

மூடியுள்ள சிறு பாட்டிலில் மூன்று ஸ்பூன் உப்பு, ஈரமணல் பதம் வரும்வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். சென்சார் உப்பில் படாமல் தொங்க, வயர் நுழையும் துளையை மெழுகால் அடைத்து, வீட்டுக்குள் சூடு மாறாத இடத்தில் 12 மணி நேரம் வையுங்கள். 75 சதவீதம் காட்ட வேண்டும். 80 காட்டினால் 5 கழியுங்கள். சுத்திகரித்த உப்பையே எடுங்கள். உப்பளத்துக் கல்லுப்பில் மெக்னீசியம் குளோரைடு கலந்திருப்பதால் பாட்டிலின் ஈரப்பதமே 75-க்குக் கீழே இறங்கிவிடும், பழி சென்சார்மேல் விழும்.

ஐப்பசி கார்த்திகையில் நாள்கணக்கில் நனைந்தபின் சென்சார் 100-லேயே ஒட்டிக்கொண்டு வெயில் வந்தும் சில மணி நேரம் இறங்காமல் நிற்பதுண்டு. உள்ளே நீர் கோத்திருக்கிறது, காயட்டும். போர்டின் சாலிடர் முனைகளுக்கு நகப்பாலிஷ் பூசுவது நல்லது, ஆனால் சில்லின் உலோகமூடியில் இருக்கும் குண்டூசித் துளையில் ஒரு துளி பட்டாலும் அழுத்தம், ஈரப்பதம் இரண்டும் போயிற்று.

மின்சாரமும் உயிரினங்களும்

வீட்டிலிருந்து 5 வோல்ட் வயர் இழுக்க முடிந்தால் சோலார் வேண்டாம். லித்தியம் செல்லை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. சித்திரை வெயிலில் மூடிய டப்பா பத்து மணிக்கே அதைத் தாண்டிவிடும். சோலார்தான் வழி என்றால் பேட்டரி டப்பா தகட்டுக்குப் பின்னால் ஒட்டாமல் தனியாக நிழலில் தொங்கட்டும்.

பதிவு இடைவெளியைப் பத்து நிமிடமாக்கி மின்சாரம் மிச்சம் பிடிக்க ஆசை வரும். அப்படிச் செய்தால் வெப்பச்சலன மழையின் மிக அழகான பகுதியைத் தவறவிடுவீர்கள். முதல் துளிக்கு முன்பே மேகத்திலிருந்து இறங்கிய குளிர்காற்று வந்து மோதும். சில நிமிடங்களில் வெப்பநிலை மளமளவென்று சரியும், அதே கணத்தில் அழுத்தம் ஒன்றிரண்டு ஹெக்டோபாஸ்கல் துள்ளி ஏறும். நிமிடத்துக்கு ஒரு புள்ளி இருந்தால்தான் எது முந்தியது என்று தெரியும்.

காக்கை மானியின் விளிம்பில் உட்கார்ந்து எலும்புத்துண்டைப் புனலில் போடும். விளிம்பைச் சுற்றி நான்கைந்து கேபிள் டை வால்களை மேல்நோக்கி நிறுத்தினால் உட்காராது. அணில் வயரைக் கடிக்கும், வளையும் பிவிசி குழாய்க்குள் விடுங்கள். எறும்பு ஈஎஸ்பி டப்பாவுக்குள் முட்டையோடு குடியேறும், வயர் நுழையும் துளையை சிலிக்கோனால் அடையுங்கள். குளவி புனலின் அடித்துளையில் மண்கூடு கட்டிவிட்டால், மழை முழுவதும் புனலில் தேங்கி, நின்று இரண்டு நாள் கழித்தும் சொட்டுச் சொட்டாகப் பதிவாகும். வரைபடத்தில் மழை நின்றபின் நீளமான வால் தெரிந்தால் ஏணியை எடுங்கள்.

செப்டம்பர் கடைசியில், பருவமழைக்கு முன், டிரிப் செட்டை மறுபடி மாட்டி அதே 275 மி.லி.யை அதே வேகத்தில் விடுங்கள். போன வருடம் 170 வந்த மானி இப்போது 160 காட்டினால் எண்ணை மாற்ற அவசரப்படாமல் வாளியின் அச்சைப் பழைய டூத்பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். தூசியில் இறுகிய வாளி சாய்வதற்கு முன் கூடுதல் தண்ணீர் கேட்கும். கழுவியபின் 170 திரும்பி வந்துவிட்டால் நிரலில் கைவைக்க வேண்டாம். எண்ணெய் மட்டும் விடாதீர்கள், அது தூசியை இன்னும் பிடித்துவைக்கும்.